சோற்றை விட்ட காகம்

சோற்றை நிறுத்திக் கொழுப்பைத் தின்றால் மனச்சோர்வு போகும் என்று கேள்விப்பட்ட காகம், கறிக்கடை வாசலுக்குக் குடிபெயர்ந்தது. மூன்றே வாரத்தில் மனம் தெளிந்துவிட்டதாகத் தெருவெல்லாம் சொல்லி வந்தது.

அமாவாசை வந்தது. அந்தத் தெருவுக்கு அது ஒன்றுதான் காகம். இறந்துபோன அப்பாவுக்காக மாடிச் சுவரில் சோறு வைத்த வேலாயுதம், காலையிலிருந்து பட்டினியோடு "கா, கா" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"ஒரு பருக்கை கொத்துங்கண்ணே. நீங்க தின்னாத்தான் அவர் சாப்பிட முடியும்" என்றது அணில்.

"அத்தனையும் மாவுச்சத்துப்பா. என் மனநலம் என்னாவது?"

மணி மூன்றானது. "அப்பாவுக்கு என் மேல இன்னும் கோபம் தீரலையே!" என்று வேலாயுதம் சுவரில் சாய்ந்து அழுதார்.

காகம் அணிலின் பக்கம் திரும்பியது. "பாத்தியா? சோறு தின்னா இப்படித்தான் ஆகும்."