ஓடாத ஆட்டோ

கணவன் இறந்ததிலிருந்து சுகந்தியின் வாசலிலேயே நின்றுவிட்ட ஆட்டோவை விற்பதற்காக, அவள் கொழுந்தன் மெக்கானிக் நல்லமுத்துவைக் கூட்டிவந்திருந்தான். புது பேட்டரி போட்டும் இஞ்சின் சுற்றவில்லை. நல்லமுத்து ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்த்தார். பிஸ்டன் துருவேறி ஒட்டியிருந்தது. ஆயில் விட்டு ஊறப்போட்டால் இளகிவிடும். அதைச் சொல்ல வாயெடுத்தபோது, டீயை நீட்டிய சுகந்தி அருகில் குனிந்தாள்.

"ஓடாதுன்னு சொல்லிருங்கண்ணே. நானே ஓட்டப் பழகிக்கிறேன்."

அவர் டம்ளரை வாங்கிக்கொண்டார்.

"தேறுமாண்ணே?" என்றான் கொழுந்தன், தெருவில் நின்றபடி.

"இஞ்சினையே மாத்தணும் தம்பி. எவனும் வாங்க மாட்டான்."

அவன் முனகிக்கொண்டே பைக்கில் கிளம்பினான். அந்தச் சத்தம் தெருமுனை தாண்டும்வரை நல்லமுத்து டீயைக் குடித்தார். பிறகு பையிலிருந்த ஆயில் கேனை எடுத்து, பிளக் துளையில் மெதுவாக ஊற்றினார்.

"நாளைக்கு வர்றேன். அதுவரைக்கும் சாவியத் திருகிராதம்மா."