நான்காம் விரல்

சனிக்கிழமை, மாலை நாலரை.

மின்சாரம் அப்போதுதான் திரும்பியிருந்தது. ஈரம் ஏறாமலிருக்க பியானோவுக்குள் வைத்த குண்டு பல்பு மறுபடி எரிந்தது.

ஆசிரியை பக்கத்து நாற்காலியில் அமர்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஜெமிமா வாசித்தாள். பதினாறு வயது. ஆறு வயதில் மாணவியாக வந்தவள். அப்போது கால் பெடலுக்கு எட்டாது.

இன்று புதுப் பாடம். ஒரு சொனாட்டாவின் கடைசிப் பகுதி. அதன் மூன்றாம் பக்கத்தில் வலது கை உச்சியிலிருந்து இறங்கும். நாலு வரி. கறுப்புக் கட்டையும் வெள்ளைக் கட்டையுமாக, மூச்சு விட இடமில்லாமல்.

ஜெமிமா இறங்கினாள். அடுத்த வரிக்குப் போய்விட்டாள்.

"இரு. அந்த இடம் கஷ்டமா இல்ல?"

"எது மிஸ்?"

"இப்ப இறங்கினியே."

ஜெமிமா இசைத்தாளைப் பார்த்தாள். உண்மையாகவே தேடினாள்.

"இதுவா? இது கை தானாப் போவுது மிஸ்."

சொல்லிவிட்டு மேலிருந்து மறுபடி இறங்கினாள். இந்த முறை முழு வேகத்தில். சிரித்துக்கொண்டே.

ஒரு சுரம்கூடச் சிந்தவில்லை.

"யார் உன்னை ஸ்பீடா வாசிக்கச் சொன்னது?"

ஜெமிமா கைகளை மடியில் வைத்துக்கொண்டாள்.

ஆசிரியை ஆவதற்கு முன் பதினோரு வருடம் அவள் மேடையில் வாசித்தாள். கல்கத்தா. கொழும்பு. கோவா.

கடைசியாக பம்பாய்.

இதே நாலு வரி. வலது கை பாதியில் நின்றது. மேலிருந்து தொடங்கினாள். அதே இடத்தில் நின்றது. இன்னொரு முறை.

பிறகு பியானோவின் மூடியை மெல்ல இறக்கினாள்.

அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. வெகுநேரம் தட்டியது. நல்ல மனிதர்கள்.

அதன் பிறகு எந்த ஊரிலிருந்தும் யாரும் கூப்பிடவில்லை. குழந்தைகள் வரத் தொடங்கினார்கள்.

"ஏப்ரலுக்குள்ள ரெடியாயிடுவாளா மிஸ்?"

சோபாவிலிருந்து ஜெமிமாவின் அம்மா. ஈரக் குடையைக் காலடியில் செய்தித்தாள் மேல் வைத்திருந்தாள்.

ஏப்ரலில் வியன்னாவின் ஒரு இசைப் பள்ளியிலிருந்து இரண்டு பேர் சென்னைக்கு வருகிறார்கள். எல்லோரையும் வாசிக்கச் சொல்லிக் கேட்பார்கள். ஒருவரை எடுத்துக்கொள்வார்கள். படிப்பு, தங்க இடம், எல்லாம் அவர்கள் பொறுப்பு. பிறகு மேடைகள்.

"ஆயிடுவா."

"அங்க போனதும் உங்க பேரைத்தான் சொல்லுவா மிஸ். உங்களுக்கும் ஒரு பேரு வரணும்ல."

அவள் புன்னகைத்தாள்.

பென்சிலை எடுத்தாள்.

இசைத்தாளில் சுரங்களின் தலைமேல் சிறிய எண்கள் இருக்கும். எந்த விரல் என்பதற்கு. கட்டைவிரல் ஒன்று. சுண்டுவிரல் ஐந்து. அச்சிட்டவருக்கு யார் கை என்று தெரியாது. அதனால் ஆசிரியர்கள் மாற்றி எழுதுவார்கள். குட்டைக் கைக்கு ஒன்று, நீளக் கைக்கு வேறொன்று.

பத்து வருடமாக ஜெமிமாவின் எண்களை எழுதியவள் அவள். ஒன்றுகூடத் தப்பியதில்லை.

இறக்கத்தின் நடுவில் மூன்று என்று இருந்தது.

அதை அடித்தாள். மேலே நான்கு என்று எழுதினாள்.

ஜெமிமா குனிந்து பார்த்தாள்.

"மூணுலயே நல்லா வந்துச்சே மிஸ்."

"இங்க வரும். மேடையில வராது."

"புக்ல கூட மூணுதான்..."

"அது ஆம்பளைங்க கைக்குப் போட்டது."

"மிஸ் சொன்னா கேளுடி," என்றாள் அம்மா. "பெரிய இவ மாதிரி பேசாத."

ஒரு விரல் மாறினால் போதும். அடுத்து வரும் கட்டைவிரல் வெள்ளையில் விழாது. கறுப்பில் விழும். மெதுவாக வாசிக்கும்போது ஒன்றும் தெரியாது. வேகத்தில் மணிக்கட்டு தூக்கிப்போடும். கை அங்கேயே அறுந்து நிற்கும்.

அவள் யாரையும் கடைசி மாதம் வரை வேகமாக வாசிக்க விடுவதில்லை. அது அவள் வழக்கம். எல்லாப் பெற்றோருக்கும் தெரியும். வீட்டில்கூட மெதுவாகத்தான்.

அதற்குள் அந்த விரல் பழக்கத்தில் ஊறிவிடும். ஊறிய விரலை ஒரு மாதத்தில் திருப்ப முடியாது.

பம்பாயில் அவள் அந்த இடத்தை வாசித்தது மூன்றாம் விரலில்தான். சரியான விரல்.

"வாசி. மெதுவா."

ஜெமிமா வாசித்தாள். நான்காம் விரல் தயங்கியது. பிறகு போய் உட்கார்ந்தது.

"மறுபடி."

சுத்தமாக வந்தது.

"மறுபடி."

அம்மா கண்ணை மூடிக் கேட்டாள். வெளியே மழை விட்டிருந்தது. கீழே யாரோ ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டிருந்தார்கள்.

"மறுபடி."

விரல் இப்போது தயங்கவே இல்லை. கெட்டிக்காரப் பெண்.

ஜெமிமா நிறுத்தினாள். வலது கையை ஒரு தரம் உதறிக்கொண்டாள். மிஸ் பக்கம் திரும்பினாள். முகத்தில் சந்தேகம் ஏதுமில்லை. பத்து வருடமாக எதைக் கேட்டாலும் அப்படித்தான் கேட்பாள்.

"ஸ்பீடா வாசிக்கிறப்பவும் இதே விரல்தானே, மிஸ்?"