ஒரே பிரதி

மதிய வெயில் நூலகத்தின் நீள மேசையில் பாதியைப் பிடித்திருக்கிறது. "புத்தகம் உள்ளே இருக்குன்னுதான் கம்ப்யூட்டர் சொல்லுதும்மா, அலமாரியிலதான் காணோம்," என்கிறார் நூலகர், எதிரே நிற்கும் வயதில் மூத்த மாணவியிடம், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு. மண்ணியல் புத்தகம், இருப்பதே ஒரு பிரதி, வீட்டுக்குக் கொடுப்பதில்லை. "அஞ்சு மணிக்குள்ள கட்டுரை கொடுக்கணும் சார். போன தடவையே குழந்தைக்குக் காய்ச்சல்னு விட்டுட்டேன். இதையும் விட்டா வருஷம் போயிடும்." அவள் குரல் உடையவில்லை, தோள்பையின் வார்தான் விரலில் சுற்றிச் சுற்றி இறுகுகிறது. சாப்பிட்டு வந்து அப்போதுதான் மேசையோரம் எழுத உட்கார்ந்த, அவளைவிட இளைய வகுப்புத் தோழியின் பேனா நிற்கிறது. நாற்காலி கிரீச்சிடுகிறது. அந்தச் சின்னப்பெண் நேரே சமையல் புத்தகங்களிடம் போய், கடைசி வரிசைக்குப் பின்னால் கையை விட்டு, தடித்த புத்தகம் ஒன்றை இழுக்கிறாள். "காலையில நான்தான் ஒளிச்சு வச்சேன்க்கா. சாப்பிட்டு வர்றதுக்குள்ள யாராவது எடுத்துடுவாங்களோன்னு." "நல்ல இடமாத்தான் பார்த்திருக்கே. அந்தப் பக்கம் நானே போய் மூணு வருஷமாச்சு," என்கிறார் நூலகர். அக்கா திட்டவில்லை. "நீ முடிச்சிட்டியா?" "பாதிதான்க்கா." பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு அக்கா உட்காருகிறாள். புத்தகம் இருவருக்கும் நடுவில் விரிகிறது. "திருப்பட்டுமா?" "இரு, இன்னும் ரெண்டு வரி." தூக்கிய பக்கத்தைச் சின்னவள் கீழே விட்டு, மடங்காமல் உள்ளங்கையால் நீவிவிடுகிறாள்.