சிலிண்டர் விழும் இடம்

கேஸ் குடோன் வாசலில் ஒரு பழைய டயர் கிடந்தது. லாரியிலிருந்து தள்ளிவிடும் சிலிண்டரெல்லாம் அதன் மேல்தான் வந்து விழும். டயர் அமுங்கும், பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி நிமிரும்.

பக்கத்துச் சிமென்ட் தரைக்கு இளக்காரம். "ஏன்டா, உனக்கு ரோஷமே கிடையாதா? எவன் வந்து விழுந்தாலும் குழையறியே! என்னைப் பாரு, இம்மிகூட அசைய மாட்டேன்."

"வர்ற வேகம் அடங்கறதுக்குக் கொஞ்சம் இடம் வேணும். அதைத்தான் குடுக்கறேன்" என்றது டயர்.

அடுத்த சிலிண்டர் குறி தப்பித் தரையில் விழுந்தது. தரை சொன்ன சொல் தவறவில்லை; இம்மியும் அசையவில்லை. 'ணங்'கென்ற சத்தத்தில் சிலிண்டரின் அடிவளையம் நசுங்கியது, தரை குறுக்கே பிளந்தது.

லாரி விளிம்பில் இன்னொரு சிலிண்டர் வந்து நின்றது.

"அண்ணே, கொஞ்சம் இந்தப் பக்கம் வந்து படுங்களேன்" என்றது தரை.

டயர் நகர்ந்து வந்து விரிசல் மேல் படுத்தது.

"வரட்டும்" என்றது.