மங்கலான கோடு

இரண்டு கோடுகளும் பளிச்சென்று தெரிந்தன. எனக்கே தெரிந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

"மேல் கோடு கொஞ்சம் மங்கலா இருக்கு சார்," என்றாள் லேப் மேடம். முகத்தில் ஒரு சலனமும் இல்லை.

புது மேனேஜர் கைக்கடிகாரத்தையும் அந்தச் சின்னப் பட்டையையும் மாறி மாறிப் பார்த்தார். ஐந்தே நிமிடத்தில் சோதனை முடிந்துவிடும் என்று சொல்லி, எங்கள் கோழித் தீவன ஆலைக்கு அந்தப் பட்டைகளை வரவழைத்தவரே அவர்தான். அன்றுதான் வெள்ளோட்டம். ஜன்னலுக்கு வெளியே பெஞ்சில், மக்காச்சோள லோடு கொண்டுவந்த டிரைவர் உட்கார்ந்திருந்தான்.

நான் எடைச் சீட்டு கொடுக்க வந்ததாகப் பெயர் பண்ணிக்கொண்டு வாசலில் நின்றேன். எடைமேடைக்காரனுக்கு லேபில் என்ன வேலை என்று கேட்கக் கூடாது.

பட்டையில் இரண்டு கோடு விழுந்தால் சோளத்தில் பூஞ்சை நஞ்சு இல்லை, வண்டி உள்ளே போகலாம். ஒரே கோடு என்றால் வந்த வழியே திரும்ப வேண்டும். மேல் கோடு மங்கலாக விழுந்தால் மட்டும், பழையபடி பிளேட்டில் போட்டு உறுதி செய்ய வேண்டும்.

பிளேட் என்றால் ஒன்றரை மணி நேரம்.

அடடா, அது ஒரு காலம். இப்போது அந்த லேப் அறையில் காலிச் சாக்குகளை அடுக்கி வைத்திருக்கிறார்கள். ஆனாலும் சீட்டு எழுதும்போது என் கண் அந்த ஜன்னல் பக்கம்தான் போகிறது.

சோளத்தை அரைத்து, கரைத்துக் குலுக்கி, வடிகட்டியதைப் பிளேட்டில் இருக்கும் குட்டிக் குட்டிக் குழிகளில் சொட்டுச் சொட்டாக விடுவாள். ஒவ்வொரு குழியின் அடியிலும் எதிர்ப்பொருள் என்று ஒன்று ஒட்டிக்கொண்டிருக்குமாம். நஞ்சைக் கண்டால் விடாமல் பிடித்துக்கொள்ளுமாம். பஸ் சீட் மாதிரிதான். நஞ்சு வந்து உட்கார்ந்துவிட்டால் நிறத்துக்கு இடம் கிடையாது, குழி வெளிறிப்போகும். நல்ல மஞ்சளாக ஏறினால் நல்ல சோளம். இதெல்லாம் அவளாகச் சொன்னதில்லை, நான் துருவித் துருவிக் கேட்டது.

ஊற விடுவதற்கும் கழுவுவதற்கும் நடுவே சும்மா இருக்கும் நிமிடங்கள் நிறைய. மற்ற டிரைவர்கள் லாரிக்கு அடியில் துண்டை விரித்துத் தூங்குவார்கள். இவன் மட்டும் நேரே ஜன்னலோர பெஞ்சுக்குப் போய்விடுவான். அவள் கையுறையைக் கழற்றி, கையைக் கழுவி, பிளாஸ்க் மூடியில் டீ ஊற்றிக் கம்பி வழியாக நீட்டுவாள்.

என் எடைமேடைக் கூண்டிலிருந்து பார்த்தால் ஊமைப்படம். அவன் ஸ்டியரிங்கைத் திருப்புகிற மாதிரி கையைச் சுழற்றி எதையோ சொல்வான். அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள். அந்தச் சிரிப்பு மட்டும் முற்றத்தைத் தாண்டி என்வரைக்கும் வந்துவிடும். அவனும் அவளை 'மேடம்' என்றுதான் கூப்பிடுவான். ஆனால் ஊரெல்லாம் சொல்கிற மேடம் வேறு, அவன் சொல்கிற மேடம் வேறு.

வாரம் இரண்டு லோடு. இப்படி ஆறு வருஷம்.

வேலையில் சலுகை கிடையாது, அதையும் சொல்லிவிட வேண்டும். ஒரு மழைக்காலத்தில் அவன் லோடு வெளிறிவிட்டது. தயவு தாட்சண்யம் பார்க்காமல் திருப்பி அனுப்பிவிட்டாள். அவனும் தார்ப்பாயை இழுத்துக் கட்டிக்கொண்டு சிரித்தபடியே போனான். அதற்குப் பதில் இன்னொரு லோடு கொண்டுவர வேண்டுமே, சிரிக்க மாட்டானா?

அத்தனைக்கும் இந்த ஐந்து நிமிடப் பட்டை ஆப்பு வைக்க வந்திருந்தது.

மேனேஜர் அதை எடுத்து என் மூக்குக்கு நேரே நீட்டினார். "அண்ணே, நீங்க சொல்லுங்க. இது மங்கலா?"

லேப் மேடம் என்னைப் பார்த்தாள். என் வாயைப் பற்றி அவளுக்குத் தெரியாதா? காலையில் என் காதில் விழுந்தது மத்தியானத்துக்குள் ஆலை கேட்டைத் தாண்டிவிடும். வெளியே டிரைவர் வண்டிச் சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்தே விட்டான்.

"கண்ணாடி எடுத்துட்டு வரலையே சார்," என்றேன். கண்ணாடி சட்டைப்பையில் துருத்திக்கொண்டிருந்தது. "ஆனா மங்கலாத்தான் தெரியுது. நாளைக்குக் கோழி கொத்துக் கொத்தா செத்து விழுந்தா யாரு பதில் சொல்றது?"

மேனேஜர் கடிகாரத்தைச் சட்டைக் கைக்குள் தள்ளினார். "சரி, பிளேட்லயே போடுங்க."

வெளியே வந்ததும் என் தோளில் கை போட்டுக் குரலைத் தாழ்த்தினார். "அந்த டிரைவருக்கும் மேடத்துக்கும் என்னண்ணே கதை?"

"தெரியல சார்."

இந்த வாயிலிருந்து அந்த வார்த்தை வந்தது அன்று ஒரு நாள்தான்.

இரண்டு பேரும் புருஷன் பெண்டாட்டி என்று சொல்லியிருந்தால் ஒரே வரியில் முடிந்திருக்கும். 'அப்போ வீட்டுல போய்ப் பேசிக்க வேண்டியதுதானே' என்று பிளேட்டைத் தூக்கி அலமாரியில் வைத்துப் பூட்டியிருப்பார்.

அவர் அந்த வீட்டைப் பார்த்ததில்லை. எனக்கு அது அடுத்த வீடு. இரண்டு அறை, பதினோரு பேர். அவனுடைய அப்பா அம்மா, இரண்டு தம்பிகள், அவர்கள் பெண்டாட்டிகள், இரண்டு வாண்டுகள், புருஷனோடு கோபித்துக்கொண்டு நாலு நாள் இருந்துவிட்டுப் போகிறேன் என்று வந்து நாலு வருஷமாக இருக்கும் தங்கச்சி. எனக்கும் அவர்களுக்கும் நடுவே ஒற்றைச் செங்கல் சுவர். காதை வைக்கக்கூட வேண்டாம். மாமனார் இருமுவது, கொழுந்தன் போனில் கத்துவது, வாண்டுகள் ரிமோட்டுக்கு அடித்துக்கொள்வது எல்லாம் இங்கே உட்கார்ந்தபடியே கேட்கும்.

அந்த இரண்டு பேர் பேசிக்கொண்டது மட்டும், ஆறு வருஷத்தில் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.