தண்ணீர் வராத தெரு

"மழை பெஞ்சாலும் இங்க தண்ணி வராதுங்க," என்றாள் வீட்டுக்காரி.

கேட்பதற்கு முன்பே சொல்லியிருக்கக் கூடாது.

வீடு பார்க்க வந்தவன் சுவரைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் மனைவி நிர்மலா, பெண் குழந்தையைக் கையில் பிடித்தபடி கூடத்தில் நின்றாள். தரகர் வேலாயுதம் மட்டும் சிரித்தார்.

தெருவுக்கே ஒரே பதில்தான். குடியிருப்போர் சங்கத்தில் பேசி முடிவு செய்தது. வங்கிக்காரன் கேட்டாலும் சரி, சொந்தக்காரன் கேட்டாலும் சரி. வராது.

ஒரு வீடு உண்மை சொன்னால் எந்த வீடும் விற்காது.

போன மாதம் கணக்கெடுக்க வந்த கல்லூரிப் பெண் ஒருத்தி கேட்டாள். மழை என்றால் ரொம்ப பயமா, கொஞ்சம் பயமா, பயமே இல்லையா?

பயமே இல்லை என்றாள் இவள். அந்தப் பெண் அதைக் குறித்துக்கொண்டு, தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போனாள்.

ஐப்பசி பிறந்துவிட்டது. விற்றாலும் இந்த வருஷ மழை எப்படியும் அவளுக்கும் கணவருக்கும்தான். அடுத்த வருஷத்து மழையாவது வேண்டாம்.

அவள் கணவரால் பரணில் ஏற முடியாது. போன வெள்ளத்தில் தெருக்காரர்கள் கதவைக் கழற்றி, அதில் அவரைப் படுக்கவைத்து மிதக்கவிட்டு இழுத்துக்கொண்டு போனார்கள். அவர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். அப்போதுதான் விற்றுவிடுவது என்று முடிவு செய்தாள்.

வந்து பார்த்தவர்கள் யாரும் திரும்பி வரவில்லை.

வெளியே நல்ல வெயில்.

திடீரென்று எல்லோருடைய போனும் சேர்ந்து அலறியது. நாளை மறுநாள் ரெட் அலர்ட். வேலாயுதம் தன்னுடையதைச் சட்டைப் பைக்குள்ளேயே அமுக்கினார்.

சற்று நேரத்தில் தெருவில் கார்கள் கிளம்பின. ஒன்றன்பின் ஒன்றாக. யாரும் பதறவில்லை. குப்பை கொட்டப் போவதுபோல் போனார்கள்.

எதிர்வீட்டு சகாயமேரி ஜன்னலில் முகத்தை வைத்துக் கத்தினாள்.

"அக்கா, ஸ்கூட்டர் சாவியக் குடு, பாலத்து மேல ஏத்தி நிறுத்திடறேன்! அப்புறம் அங்க இடமில்லன்னு போன தடவ மாதிரி என்கிட்ட வந்து அழாத!"

"கல்யாணம் சார்," என்றார் வேலாயுதம். "பாலத்துக்குப் பக்கத்துல மண்டபம். தெருவே கிளம்புது பாருங்க."

"லுங்கியோடவா?" என்றான் அவன்.

வேலாயுதம் அவனை மோட்டாரைக் காட்டுவதாகச் சொல்லிப் பின்பக்கம் இழுத்துக்கொண்டு போனார்.

நிர்மலா அசையவில்லை. ஒவ்வொரு சுவராகப் பார்த்தாள். புது பெயின்ட். கீழ்ப்பாதியில் மட்டும் அது சரியாகப் பிடிக்கவில்லை.

"எங்க வீட்டுல பரண் வரைக்கும் வந்துச்சுக்கா," என்றாள். "நாங்களும் வராதுன்னு சொல்லித்தான் வித்தோம்."

அவள் குரலில் கோபம் இல்லை. வெட்கமும் இல்லை.

"இங்க எவ்வளவு?"

பழக்கத்தில் வாய் திறந்தது. மூடிக்கொண்டாள்.

முட்டி வரை என்றால் போதும். பரண் வரை பார்த்தவளுக்கு முட்டி ஒன்றுமே இல்லை. வாங்கிவிடுவாள்.

பின்பக்கம் மோட்டார் ஓடும் சத்தம் கேட்டது. உள்ளறையில் அவள் கணவர் இருமினார்.

கையை நீட்டினாள். முட்டிக்கு நேராக.

அங்கே நிற்கவில்லை. கை மேலே போனது. தொடையைத் தாண்டி, இடுப்பைத் தாண்டி நின்றது.

குழந்தையின் தலைக்கு மேல், நாலு விரல்கடை உயரத்தில்.

குழந்தை அது ஏதோ விளையாட்டு என்று நினைத்தது. கையைத் தலையால் முட்ட எம்பிக் குதித்தது. எட்டவில்லை. சிரித்தது. மறுபடியும் குதித்தது.

நீட்டிய கையை நிர்மலா பார்த்தாள். கைக்கும் தலைக்கும் நடுவே இருந்த இடைவெளியையும் பார்த்தாள்.

"அடுத்த வருஷத்துக்குள்ள வளந்துடுவா," என்றாள்.