தனித்தட்டு

‘சப்... சளக்... சப்.’

லுசுங்கு ஹெட்போனைக் காதிலிருந்து பிடுங்கி மேசையில் போட்டான். குமட்டிக்கொண்டு வந்தது. மச்சான் வனங்வாவின் வாய்க்குள் தலையை விட்டுவிட்டு வந்ததுபோல் இருந்தது.

“தமலா, உங்கண்ணன் பாட வந்தானா, தின்ன வந்தானா? வரிக்கு வரி எச்சில் சத்தம்.”

அடுப்படியில் ந்சிமா களி கிண்டிக்கொண்டிருந்த தமலா எட்டிப் பார்த்தாள். “மெதுவாப் பேசுங்க. அண்ணன் சாப்பிட வர்ற நேரம்.”

ம்சுசு நகரத்தில் பாதிப் பேருக்குப் படுக்கையறைதான் ஸ்டூடியோ. மிக்சிங் பழகி மூன்று மாதமே ஆன லுசுங்குவும் அதற்கு விலக்கில்லை. சனிக்கிழமை கதவு, ஜன்னலை அடைத்து, கோழிகளையும் விரட்டிவிட்டு, மச்சானும் அவனும் மட்டும் உள்ளே உட்கார்ந்து அந்த அறுவடைப் பாட்டைப் பதிவு செய்தார்கள். முதலில் கிடார், பிறகு குரல். கிடார் தேனாக வந்திருந்தது. குரல்தான் இந்த லட்சணம்.

ஒரு கரும்புத் துண்டைப் பல்லால் உரித்தபடி மறுபடி ஹெட்போனை மாட்டினான். வரிகளுக்கு நடுவில் இருந்த சத்தத்தையெல்லாம் வெட்டியாயிற்று. மூன்றாவது அடியில் வனங்வா ஒரே மூச்சில் நீட்டிப் பாடும் இடம்தான் மகா கேவலம். அங்கே சத்தத்தை வெட்டினால் குரலும் சேர்ந்து போனது.

சக்கையைக் கிண்ணத்தில் துப்பினான். “சே, மனுஷனா இவன்? இனிமே அவன்கூட ஒரே தட்டுல கை வைக்க மாட்டேன். அவனுக்குத் தனித்தட்டு போடு.”

தமலாவின் கரண்டி நின்றது. மாப்பிள்ளையும் மச்சானும் ஒரே தட்டில் சாப்பிடுகிற வீட்டில் தனித்தட்டு வைத்தால், இனி வராதே என்று சொல்வதற்குச் சமம்.

“அப்புறம் எங்க அண்ணன் இந்த வாசப்படிய மிதிக்காதுங்க.”

“மிதிக்க வேணாம். பாட வேற ஆளப் பாத்துக்கறேன்.”

வனங்வா ஒரு பொட்டலம் உசிபா மீனோடு சிரித்தபடி வந்தான். கை கழுவி உட்கார்ந்தவன், தன் முன்னால் இருந்த சின்னத் தட்டைப் பார்த்தான். சிரிப்பு அணைந்தது.

“என்ன மாப்ள, எனக்கு ஏதும் சீக்கா?”

“நீயே கேட்டுப் பாரு.” லுசுங்கு அந்த மூன்றாவது அடியை ஓடவிட்டான்.

கேட்கக் கேட்க வனங்வாவின் முகம் கோணியது. ஹெட்போனைக் கழற்றியவன் யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. “அசிங்கமாத்தான் இருக்கு, மாப்ள” என்று சொல்லி, சின்னத் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.

தமலாவுக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. ஹெட்போனை எடுத்துத் தன் காதில் வைத்தாள். இரண்டு தடவை கேட்டாள்.

“ஏண்ணே, இந்த இடத்துல நடுவுல வாய மூடினியா?”

“எங்க மூடுறது? தொறந்த வாய் தொறந்தபடி இழுத்தேன்.”

தமலா திரும்பிப் புருஷனைப் பார்த்தாள். களி வரும்வரை பொறுக்காமல் அவன் அடுத்த கரும்புத் துண்டைக் கடித்துக்கொண்டிருந்தான். சப். சளக். சப்.

இப்போது அவளுக்குக் குமட்டியது. அண்ணன் முன்னாலிருந்த சின்னத் தட்டை எடுத்துப் புருஷன் முன்னால் வைத்தாள்.

“அண்ணே, நீ பெரிய தட்டுல சாப்பிடு. தனித்தட்டு இவருக்கு.”